பாதியாகக் காய்ச்சிய தண்ணீர்

அந்தத் தெருவில் யாரையும் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் கழுத்து மட்டும் திரும்பாது. ஆளே முழுசாகத் திரும்பியாக வேண்டும், சந்துக்குள் மாட்டிக்கொண்ட லாரி திரும்புவதைப் போல. முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம், மறுபடி முன்னே கொஞ்சம். இஸ்திரிக்காரரின் சைக்கிளை ஒருவன் பட்டப்பகலில், அவர் கண்ணெதிரே என்று சொல்ல முடியாது, முதுகெதிரே தள்ளிக்கொண்டு போனான். மணிச்சத்தம் கேட்டு அவர் திரும்ப ஆரம்பித்தார். திரும்பி முடிப்பதற்குள் அவன் சைக்கிளை விற்று, அந்தக் காசில் டீ குடித்து, டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டான் என்று தையற்காரர் சொல்லுவார். இஸ்திரிக்காரர் இதை மறுத்ததே கிடையாது. மறுப்பதென்றால் தலையை ஆட்ட வேண்டும்.

பல்லும் அப்படித்தான். அங்கே பிறந்து வளர்ந்த எவருக்கும் பல்லில் துருப்பிடித்த தகரம் மாதிரிக் கோடுகள் இருந்தன. பற்பசை விற்க வந்த கம்பெனிக்காரன் ஒருவன் முதல் வீட்டு வாசலில் நின்று தொழில்முறையாகச் சிரித்தான். வீட்டுக்காரரும் மரியாதைக்குப் பதில் சிரிப்பு சிரித்தார். வந்தவன் மெதுவாகப் பையை மூடிவிட்டு, "சோப்பு ஏதாச்சும் வேணுங்களா?" என்று கேட்டானாம்.

இதையெல்லாம் நோய் என்று யாரும் நினைக்கவில்லை. சில குடும்பங்களில் மூக்கு நீளமாக இருப்பதில்லையா, அந்த மாதிரி இது ஊர்வாகு. தையற்காரருக்கோ இது வெறும் துணிக்கணக்கு. முதுகு வளைந்தவனுக்கு எல்லோருக்கும் போலச் சட்டை தைத்தால் முன்பக்கம் தொங்கும், பின்பக்கம் இடுப்புக்கு மேலே ஏறிக்கொள்ளும். அதனால் அவர் பின்பக்கத்தைக் கொஞ்சம் இறக்கி வெட்டுவார். அவர் தைத்த சட்டையோடு வெளியூர் வேலைக்குப் போன இளவட்டங்கள், பின்னால் வால் தொங்குகிறது என்று எல்லாரும் சிரிப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். "போன ஊர்ல நிமிந்துட்டானுங்க போல. நாம என்ன செய்யிறது" என்று சொல்லிவிட்டு, அடுத்த சட்டைக்கும் அவர் அப்படியேதான் வெட்டினார்.

அவருடைய மனைவியை அந்தத் தெரு வெந்நீரக்கா என்றுதான் கூப்பிட்டது. காரணம் இருந்தது. கல்யாணமான முதல் வருஷம் ஊருக்குள் வாந்திபேதி வந்தது. தையற்காரர் படுத்த பாய்க்கு மேலே அவர் இருக்கிறாரா இல்லையா என்று தடவிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவு வற்றிப்போனார். வந்து பார்த்த கம்பவுண்டர், "தண்ணிய நல்லாக் காய்ச்சிக் குடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்லா என்றால் எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கொதித்தால் போதாது, குமிழி விட்டால் போதாது என்று நினைத்து, பானைத் தண்ணீர் பாதியாக வற்றும் வரைக்கும் அடுப்பிலேயே வைத்திருந்தாள். உப்பும் சர்க்கரையும் போட்டுக் கரண்டி கரண்டியாக ஊட்டினாள். அவர் பிழைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பாதியாகாத தண்ணீர் எவர் தொண்டையிலும் இறங்கியதில்லை. சண்டை வந்தால் கடைசியில் அவள் அங்கேதான் வந்து நிற்பாள். "இன்னிக்கு இவ்வளவு வாய் பேசுறீங்களே, இந்த வாய்க்குக் கரண்டியில ஊத்தினது யாரு?" தெருவில் பிள்ளைக்குக் காய்ச்சலென்றால், புதுசாகக் குடிவந்தவளுக்கு வயிறு சரியில்லையென்றால், எல்லோரும் செம்பைத் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் வந்தார்கள். அவளும் செம்பை நிறைத்துக் கொடுத்து, கூடவே, "பாதியாகணும், கேட்டியா? அவசரப்பட்டு முன்னாடியே இறக்கிடாதே" என்று பாடமும் சொல்லி அனுப்புவாள்.

பால் வாங்கினால் அது புருஷனுக்கும், இருந்த வரைக்கும் இரண்டு பெண்களுக்கும். பெண்கள் கட்டிக்கொண்டு போன பிறகு அவருக்கு மட்டும். அவளுக்குப் பால் ஊற்றாத டீ; அதுவும் பானை அடியில் தங்கிய மிச்சத்தில் போட்டது. காய்ச்சினதை வீணாக்க அவளுக்கு மனசு வராது.

ஒரு காலையில் அவள் கீரை ஆய்வதற்குத் தரையில் உட்கார்ந்தாள். கீரை ஆய்ந்து முடிந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. தையற்காரர் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, அந்த நாற்காலிய இப்படி நகத்துங்க."

நகர்த்தினார். அவள் அதைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தாள். நாற்காலிதான் அவள் பக்கம் சாய்ந்தது.

"கால் மரத்துப் போச்சா?"

"ஒண்ணுமில்ல. நீங்க போங்க. நான் கொஞ்ச நேரம் இப்படியே உக்காந்திருக்கேன்."

மத்தியானம் அவர் சாப்பிட வந்தபோதும் அவள் அங்கேயேதான் இருந்தாள். கீரைத்தண்டெல்லாம் வாடியிருந்தது. "ஒண்ணுமில்ல" என்றாள் மறுபடியும். அவர் இஸ்திரிக்காரரைக் கூப்பிட்டார். கழுத்து திரும்பாத ஒருவரும், இடுப்பு வளையாத ஒருவரும் சேர்ந்து ஒரு பெண்பிள்ளையைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தினார்கள். வீடு கட்டுபவர்கள் தூண் நிறுத்துவது போலத்தான் இருந்தது அது. அவள் சிரித்தாள், வலியை மறைக்க.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, டாக்டரம்மா தையற்காரரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வயது குறைந்த டாக்டர். கண்ணின் கீழ் தூக்கமில்லாத நிழல். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"பாருங்க ஐயா, எலும்பு இவ்வளவு வெள்ளையா இருக்கக் கூடாது."

வெள்ளை என்றதும் தையற்காரருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. "எங்க வீட்டுல எல்லாம் சுத்தமா இருக்கும்மா" என்றார்.

"அந்த வெள்ளை இல்லீங்க. எலும்பு அளவுக்கு மேல இறுகிப் போச்சு. எலும்பையும் எலும்பையும் கட்டியிருக்கிற நார்கூட எலும்பாவே மாறிக்கிட்டு வருது. அதான் குனிய முடியல, எந்திரிக்க முடியல. எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?"

"வீட்டு போர் தண்ணிதான். ஆனா பச்சையாக் குடிக்க மாட்டோம். காய்ச்சித்தான் குடிப்போம்."

"எவ்வளவு நேரம் காய்ச்சுவீங்க?"

"நேரமெல்லாம் பாக்கறதில்ல. பாதியாகுற வரைக்கும்."

டாக்டரம்மா பேனாவை மேசையில் வைத்தார்.

"ஃப்ளோரைடுன்னு ஒண்ணு இருக்கு. துளியூண்டு இருந்தா பல்லுக்கு நல்லது, பற்பசையிலயே சேக்கறாங்க. அளவு தாண்டிட்டா சின்ன வயசுல பல்லுல கறை ஏத்தும். வருஷக்கணக்குல குடிச்சா எலும்புல போய் உக்காந்துக்கும். உங்க ஊர்ப் பாறையில அது நிறைய. ஆழமாத் தோண்டினா தண்ணியோட அதுவும் மேல வருது. காய்ச்சினா கிருமி சாகும். இது கிருமி இல்லீங்களே, சாகறதுக்கு. தண்ணி ஆவியாப் போயிடும், இது போகாது. பானையில தண்ணி பாதியாச்சுன்னா..."

அவர் முடிக்கவில்லை. தையற்காரர் முடித்துவிட்டார்.

"இது ரெண்டு மடங்கு."

"ஆமா."

சுவரில் ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அது கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாராளமாகத் திருப்பியது. தையற்காரர் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பால் குடிப்பாங்களா?"

"எனக்குக் குடுப்பா."

"அவங்களுக்கு?"

"டீ. பால் ஊத்தாம."

"டீத்தூள்லயும் அது இருக்குங்க. பாலு, தயிரு, கீரை, நெல்லிக்காய், இதெல்லாம் வயிறு நிறைய சாப்பிடச் சொல்லுங்க. கால்சியம் சத்து கம்மியா இருந்தா இது இன்னும் சீக்கிரம் புடிச்சுக்கும். முக்கியமா தண்ணிய மாத்தணும். உங்க ஊர்ல நகராட்சித் தொட்டி ஒண்ணு வச்சு வடிகட்டிக் குடுக்கறாங்களே, அதைப் புடிங்க. காய்ச்சணும்னா ஒரு கொதி வந்ததும் இறக்கிடுங்க."

"சரியாயிடுமா?"

"இறுகினது இறுகினதுதான் ஐயா. இதுக்கு மேல இறுகாமப் பாத்துக்கலாம். வலி கொஞ்சம் குறையலாம். அவங்களைக் கூப்பிடுங்க, நானே சொல்றேன்."

"வேணாம்மா" என்றார் தையற்காரர் அவசரமாக. "நான் சொல்லிக்கிறேன்."

பஸ்ஸில் ஜன்னலோரம் அவளை உட்கார வைத்தார். உட்கார வைப்பதற்குள் கண்டக்டர் இரண்டு தரம் விசில் ஊதினார்.

"என்ன சொன்னாங்க?"

"வயசாயிடுச்சாம்."

"இதைச் சொல்லவா அவ்வளவு பெரிய படம் எடுத்தாங்க?"

"பால் குடிக்கச் சொன்னாங்க. தயிரு, கீரை."

"உங்களையா?"

"உன்னை."

"எனக்குப் பாலு வாடை ஆகாதே" என்றாள். முப்பது வருஷத்தில் அப்படி ஒரு வாடை அவளுக்கு ஆகாது என்று அவருக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்தவுடன் புடவைகூட மாற்றாமல் அடுப்பைப் பற்ற வைத்தாள். "ஆஸ்பத்திரியில என்ன தண்ணி குடிச்சீங்களோ. இருங்க" என்று பாதியாகிற வரைக்கும் நின்றுகொண்டே காத்திருந்தாள், உட்கார்ந்தால் எழ முடியாது. டம்ளரை நீட்டினாள். தையற்காரர் டம்ளரைப் பார்த்தார். சொல்ல வேண்டிய நேரம் இதுதான் என்று அவருக்குத் தெரிந்தது. அவள் முகத்தைப் பார்த்தார். மடக்மடக்கென்று குடித்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் செய்த கோமாளித்தனங்கள் கொஞ்சநஞ்சமல்ல. பானையில் ஓட்டை விழுந்துவிட்டது, ஈயம் வைத்து அடைக்க வேண்டும் என்று சொல்லி எடுத்துக்கொண்டுபோய்க் கடையில் துணி மூட்டைக்கடியில் ஒளித்து வைத்தார். அவள் அண்டாவில் காய்ச்சினாள். அண்டாவில் இன்னும் நிறைய பிடித்தது. கேஸ் தீர்ந்துபோய்விட்டது, வர நாளாகும் என்றார். அவள் கொல்லையில் மூன்று செங்கல்லை வைத்து விறகு மூட்டினாள். புகையில் இவர் கண்ணெரிந்து தைத்த சட்டை ஒன்றில், இரண்டு கையும் ஒரே தோளில் அமைந்துவிட்டன என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. சட்டைக்குச் சொந்தக்காரர் ஒன்றும் கேட்கவில்லையாம். அவருக்கும் ஒரு கையைத்தான் தூக்க முடியும்.

கடைசியில் அவருக்கு வேறு வழி தெரியவில்லை. விடிவதற்கு முன்னால் எழுந்து சைக்கிளில் இரண்டு கேன்களை மாட்டிக்கொண்டு நகராட்சித் தொட்டிக்குப் போனார். அங்கே கூட்டமே இருக்காது; தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்று ஊரில் யாரும் அதை மதிப்பதில்லை. திரும்பி வந்து, கொல்லையில் அவள் பிடித்து வைத்திருந்த போர் தண்ணீரைச் சத்தமில்லாமல் சாக்கடையில் சாய்த்துவிட்டு, அதே குடங்களில் கேன் தண்ணீரை நிரப்பினார். அவள் எழுந்து வந்து அதைத்தான் எடுத்துப் பாதியாகக் காய்ச்சினாள். அவள் பாதியாக்கட்டும், கால்வாசியாக்கட்டும், இனிமேல் கவலையில்லை என்று அவருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. முதுகுதான் விண்விண்ணென்று தெறித்தது. அவருடைய எலும்பும் அதே பானையில் வெந்ததுதானே.

கடையில் அவர் தையல் மெஷின்மேல் தலைவைத்துத் தூங்க ஆரம்பித்தார்.

"என்ன ஓய், ராத்திரி வேட்டையா?" என்றார் இஸ்திரிக்காரர், கரி ஊதிக்கொண்டே.

"வாக்கிங் போறேன். டாக்டர் சொன்னாங்க."

"சைக்கிள்லயா?"

"தள்ளிக்கிட்டுத்தான் போறேன்."

இஸ்திரிக்காரர் முழுசாகத் திரும்பி அவரைப் பார்த்துவிட்டு, மறுபடி முழுசாகத் திரும்பிப் பெட்டியை எடுத்தார். அதற்கே பாதிச் சட்டை நேரம் ஆகிவிட்டது. ஆனால் விஷயம் அன்று சாயங்காலத்துக்குள் தெருமுனைக்குப் போய்த் திரும்பி வந்துவிட்டது. வாய்க்குக் கழுத்து தேவையில்லை.

மறுநாள் காலை அவர் கேன்களை இறக்கும்போது கொல்லைக் கதவைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். கையில் கழுவாத அண்டா.

"யாருங்க அவ?"

"எவ?"

"தெருவே சொல்லுது. விடியறதுக்குள்ள சைக்கிள எடுத்துக்கிட்டு வாக்கிங் போறாராம். அப்படி ஒரு வாக்கிங் நான் கேள்விப்பட்டதே இல்ல."

"ஐயோ, நீ வேற. இந்த முதுகை வச்சுக்கிட்டு..."

"சரி, அத விடுங்க. அப்படி ஒருத்தி இருக்கான்னு நான் நம்பல. உங்களுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது." அண்டாவை அவர் பக்கம் சாய்த்தாள். "இதைப் பாருங்க. நம்ம தண்ணி காய்ச்சினா அடியில சுண்ணாம்பு மாதிரி படியும். எலுமிச்சந்தோல் போட்டுச் சுரண்டிச் சுரண்டி என் நகம் தேஞ்சிருக்கு. இப்ப கொஞ்ச நாளா ஒண்ணுமே படியல. இது நம்ம தண்ணி இல்ல. என்ன செய்யிறீங்க?"

தையற்காரர் கேனைக் கீழே வைத்தார். அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"தொட்டித் தண்ணி."

"எதுக்கு?"

அப்புறம் அவர் சொன்னார். முன்னே பின்னேயாக, கோர்வையில்லாமல், டாக்டரம்மா சொன்னதைத் தனக்குப் புரிந்த மட்டும் சொன்னார். பாறை, ஆழம், பல்லில் இருக்கிற கோடு. தண்ணீர் போய்விடும், அது போகாது. பாதியானால் இரண்டு மடங்கு. சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை. சாக்கடையில் ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பக்கத்து வீட்டு மோட்டார் ஓடி, தொட்டி நிரம்பி, வழிந்து, நின்றது.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"ஆஸ்பத்திரிக்குப் போனோமே, அன்னிலேர்ந்து."

"தெரிஞ்சும் நான் குடுத்ததக் குடிச்சீங்களா?"

"கொஞ்ச நாள்தான. முப்பது வருஷம் குடிச்சது போதாதா, அதோட இதுவும் ஒண்ணு."

"பைத்தியக்கார மனுஷா. வாயத் தொறந்து சொன்னா என்ன?"

"எப்படிச் சொல்றது? நீ காய்ச்சின தண்ணியிலதான நான் பொழச்சேன். அதுவேதான் உன்னை இப்படிப் பண்ணுச்சுன்னு எந்த வாயால சொல்றது?"

"அது பேதிக்குக் காய்ச்சினது. அன்னிக்கு அது சரிதான்" என்றாள். கோபமில்லாமல், கணக்கு சரிபார்ப்பவள் மாதிரி. "கொதிச்சதும் இறக்கியிருந்தாலும் நீங்க பொழச்சிருப்பீங்க. அப்புறம் நான் யாரையும் கேக்கல. அதான்."

அண்டாவைக் கல்மேல் வைத்தாள். கைகளைப் புடவையில் துடைத்தாள். திடீரென்று துடைப்பதை நிறுத்தினாள்.

"மாடி வீட்டுப் பொண்ணு."

"யாரு?"

"எலெக்ட்ரீஷியன் பொண்டாட்டிங்க, எதுத்தாப்புல. கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கரைக்கிறாளே. நேத்துகூட வந்தா. 'அக்கா, பாதிக்குக் கொஞ்சம் மேல இருந்தாப் பரவாயில்லையா'ன்னு கேட்டா. நான் அவளைத் திட்டினேன். 'பாதின்னா பாதி, சோம்பேறித்தனம் பண்ணாத'ன்னேன்." அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. "அவ அவங்க வீட்டு போர் தண்ணியில காய்ச்சுவா. நீங்க என் குடத்த மட்டும் மாத்தி என்ன பிரயோஜனம்? தெருவுல எத்தனை பேருக்கு நான் சொல்லிக் குடுத்திருக்கேன்?"

தையற்காரருக்கு அந்த யோசனையே வந்திருக்கவில்லை. தன் வீட்டுக் குடங்களைத் தாண்டி அவர் எதையும் பார்க்கவில்லை.

"நான் போய்ச் சொல்லிட்டு வரேன். நீ இரு."

"நீங்களா? எனக்கே இவ்வளவு நாள் சொல்லல. நீங்க போனா வாக்கிங் வந்தேன்னுதான் சொல்லுவீங்க." அவள் செருப்பைக் காலால் தேடினாள். "புடிங்க என்னை."

தெருவைக் கடப்பது சுலபமாக இருந்தது. மாடிப்படி சுலபமாக இல்லை. அது ஒடுக்கமான படி, ஒருவர் ஏறினால் இன்னொருவர் பின்னால்தான் வர முடியும். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து நிறுத்தி, மூச்சு வாங்கி, அடுத்ததில் ஏறினாள். தையற்காரர் பின்னால் கையை விரித்துக்கொண்டு வந்தார். அவள் விழுந்தால் பிடிக்க அவரால் முடியாது. சேர்ந்து விழலாம் என்று ஒரு ஏற்பாடு.

கதவு திறந்திருந்தது. அடுப்பில் பாத்திரம் ததும்பிக்கொண்டிருந்தது. குழந்தை பாயில் கிடந்து கட்டைவிரலைச் சப்பியது. அந்தப் பெண் திரும்பிப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்தாள். வேற்றூர்ப் பெண், பற்கள் வெள்ளை வெளேரென்று இருந்தன.

"அட, அக்கா! நீங்க மாடி ஏறி வந்தீங்களா? வாங்கண்ணே, நீங்களும் வாங்க. இதப் பாருங்கக்கா, இன்னிக்குச் சரியாப் பாதி. நீங்க திட்டினதுக்கப்புறம் அவசரமே படறதில்ல."

"அடுப்ப அணைம்மா."

"இன்னும் துளியூண்டு..."

"அணை. இந்தத் தண்ணியக் குழந்தைக்குக் குடுக்காத. தொட்டித் தண்ணி புடிச்சுட்டு வந்து, கொதி வந்ததும் இறக்கி ஆறவச்சுக் குடு. அது போதும். நான் சொல்லிக் குடுத்தது தப்பு."

அந்தப் பெண் சிரித்தாள். "போங்கக்கா, காலங்காத்தால விளையாடுறீங்க. ஊரே உங்கள மாதிரிக் காய்ச்சணும்னு சொல்லுது, நீங்க என்னடான்னா. உங்க பக்குவம் யாருக்கு வரும்?"

"விளையாட்டில்லம்மா. இந்தத் தண்ணியில ஒண்ணு இருக்கு. காய்ச்சக் காய்ச்ச அது கூடும்."

"கிருமியாக்கா? அதுக்குத்தான காய்ச்சறோம்?"

வெந்நீரக்கா புருஷனைப் பார்த்தாள். தையற்காரர் வாயைத் திறந்தார். பாறை, ஆழம் என்று ஆரம்பிக்கப் போனார். அதற்குள் அவள் அந்தப் பெண்ணின் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுவிட்டாள். திரும்புவதற்குக் கொஞ்ச நேரமானது.

"இங்க தொட்டுப் பாரு."

"எங்கக்கா?"

"என் முதுகுல. கையை வச்சு அழுத்து. வெக்கப்படாத."

அந்தப் பெண் தயங்கிக்கொண்டே கையை வைத்தாள். அழுத்தினாள். இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். சிரிப்பு மெல்ல மெல்ல முகத்திலிருந்து இறங்கிப் போனது. ஒரு மனுஷியின் முதுகைத் தொட்டவள் மாதிரி அவள் முழிக்கவில்லை. இருட்டில் கைநீட்டிச் சுவரைத் தொட்டவள் மாதிரி முழித்தாள்.

"என்னக்கா இது? பலகை மாதிரி..."

"நான் முப்பது வருஷம் பாதியாகாத தண்ணியக் குடிச்சதில்ல. அதான் இது."

அந்தப் பெண் ஒரு கையை முதுகிலிருந்து எடுக்காமலேயே மறு கையை நீட்டி அடுப்பை அணைத்தாள். கொதிப்பு அடங்கும் சத்தம் கேட்டது. குழந்தை பசிக்கு லேசாகச் சிணுங்கியது.

"வலிக்குதாக்கா?"

தையற்காரருக்கு இந்தக் கேள்விக்கான பதில் மனப்பாடம். எத்தனை தரம் கேட்டிருப்பார், ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல என்ற பதிலே வந்து வந்து, பிறகு கேட்பதையே விட்டிருந்தார். இப்போதும் அதுதான் வரும் என்று நின்றார்.

"வலிக்குது" என்றாள் அவள். "எல்லா நேரமும் வலிக்குதும்மா."

அந்தப் பெண் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "நான் பக்கத்துல யாரையாச்சும் இவனப் பாத்துக்கச் சொல்லிட்டுத் தொட்டிக்குப் போயிட்டு வரேன், நீங்க உக்காருங்கக்கா" என்றாள்.

"உக்காந்தா எந்திரிக்க ரெண்டு ஆள் வேணும்மா." வெந்நீரக்கா வாசலைப் பார்த்து மெதுவாகத் திரும்ப ஆரம்பித்தாள். "இவரு கொண்டாந்த கேன் ஒண்ணு எங்க கொல்லையில நிரம்பி இருக்கு. இப்போதைக்கு அத எடுத்துக்க. நாங்க கீழ மெக்கானிக் வீட்டுக்குப் போகணும். அங்கயும் சொல்லியிருக்கேன்."

படிக்கட்டில் இப்போது தையற்காரர் முதலில் இறங்கினார், பின்பக்கமாக, அவளைப் பார்த்தபடியே. ஏறியதைவிட இறங்குவது அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. பாதியில் நின்று சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"மெக்கானிக் வீட்டுல படி இருக்கா?"

"இல்ல."

"அதுக்கப்புறம் போற வீட்டுல?"

"அங்க இருக்கு."

"சரி" என்றாள். அவர் தோளில் கையை வைத்து அடுத்த படியில் காலை இறக்கினாள்.